பாங்கு கேட்டா என்ன செய்யணும்? முதல் மோதினார் பிலாலின் வாழ்க்கையில் இருக்கும் பதில்

தினமும் ஐந்து வேளை பள்ளிவாசலில் இருந்து கேட்கும் பாங்கை முதன்முதலில் சொன்னவர் யார் தெரியுமா? அரசர் இல்லை. மார்க்க அறிஞர் இல்லை. பெரிய குடும்பத்துப் பிள்ளையும் இல்லை. மெக்காவில் விலைக்கு வாங்கப்பட்டு, விலைக்கு விற்கப்பட்ட ஓர் அடிமை. பெயர் பிலால் இப்னு ரபாஹ்.

இன்றைக்கு மோதினார் என்று நாம் சொல்லும் பொறுப்பின் முதல் ஆள் இவர்தான். ‘பாங்கு’ என்பது பாரசீகத்தில் இருந்து வந்த சொல். அரபியில் அதான். தொழுகை நேரம் வந்துவிட்டது என்று கூப்பிடும் குரல்.

பாங்கு சத்தம் கேட்டதும் டிவி சவுண்டைக் குறைப்பார்கள், பாட்டை நிறுத்துவார்கள், பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். வீட்டில் பார்த்துப் பழகியது இவ்வளவுதான். ஆபிஸில் இருந்தால் இன்னும் குறைவு. மீட்டிங் நடுவில் போன் ஆப் பாங்கு சொல்ல ஆரம்பிக்கும், பதறிப்போய் ஸ்வைப் செய்துவிடுவோம். ஆனால் இஸ்லாத்தில் பாங்கு ஒருவழி அறிவிப்பு இல்லை. கேட்பவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் எப்படி இருக்க வேண்டும் என்று புரிய பிலாலின் கதையில் இருந்து தொடங்குவதுதான் சரி.

யார் இந்த பிலால்?

கி.பி. 580-ஐ ஒட்டி மெக்காவில் பிறந்தவர். அப்பா பெயர் ரபாஹ், அம்மா ஹமாமா. அபிசீனிய வம்சாவளி, அதாவது இன்றைய எத்தியோப்பியா பக்கம். கறுப்பு நிறம், உயரம், ஒல்லியான உடல்வாகு என்று பழைய நூல்கள் வர்ணிக்கின்றன. குறைஷி குலத்தின் ஜுமஹ் கிளையைச் சேர்ந்த செல்வந்தர் உமய்யா இப்னு கலஃபிடம் அடிமையாக இருந்தார்.

முகமது நபி ஒரே இறைவன் என்ற செய்தியைச் சொல்லத் தொடங்கிய ஆரம்ப நாட்களிலேயே பிலால் அதை ஏற்றுக்கொண்டார். பாதுகாக்க ஒரு குலம் இருந்தவர்களுக்கே அது கஷ்டமான காலம். குலமே இல்லாத ஓர் அடிமையின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். உமய்யா அவரை நண்பகல் வெயிலில் கொதிக்கும் மணலில் மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் மேல் பெரிய பாறையை ஏற்றினார். பழைய தெய்வங்களை ஒத்துக்கொள், இல்லை இப்படியே சாவு என்பதுதான் பேரம். பிலால் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே ஒரு சொல். அஹத். ஒருவன் என்று அர்த்தம்.

நபியின் நெருங்கிய தோழர் அபூபக்கர் வந்து அவரை விலைக்கு வாங்கி, உடனே விடுதலை செய்தார். என்ன விலை என்பதில் நூல்கள் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன. விலை பேசும்போது பிலாலை மட்டம் தட்டிப் பேசியதாகவும், இதைவிடப் பல மடங்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்று அபூபக்கர் திருப்பிச் சொன்னதாகவும் ஒரு தகவல் உண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அப்போது பாங்கு என்ற ஒன்றே கிடையாது. பிற்காலத்தில் பாங்கின் மையமாகப் போகும் செய்திக்கு, அதைச் சொல்லிக் கூப்பிடும் வேலை கிடைப்பதற்குப் பல வருஷம் முன்பே, பிலால் பதில் சொல்லிவிட்டார்.

மணியா, கொம்பா, நெருப்பா?

கி.பி. 622. முஸ்லிம்கள் மெக்காவை விட்டு மதீனாவுக்கு இடம்பெயர்ந்தார்கள். அங்கே பள்ளிவாசல் கட்டியாயிற்று, கூட்டுத் தொழுகையும் ஆரம்பித்தாயிற்று. ஆனால் எத்தனை மணிக்கு வரணும்? கடிகாரம் இல்லாத காலம். ஆளாளுக்கு நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு வந்தார்கள். சிலர் முன்னாடி, சிலர் பின்னாடி.

என்ன செய்யலாம் என்று ஆலோசனை நடந்தது. கிறிஸ்தவர்களைப் போல மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்பலாமா? யூதர்களைப் போலக் கொம்பு ஊதலாமா? நெருப்பு மூட்டலாமா? எதுவும் முடிவாகவில்லை. அப்போது அப்துல்லாஹ் இப்னு ஸைத் என்ற தோழர் ஒரு கனவு கண்டார். பச்சை உடை அணிந்த ஒருவர் ஓசை எழுப்பும் கட்டையைக் கையில் வைத்திருக்கிறார். தொழுகைக்கு அழைக்க அதை விலைக்குத் தருகிறீர்களா என்று அப்துல்லாஹ் கேட்க, அதைவிட நல்லது ஒன்று சொல்லித் தருகிறேன் என்று அவர் சில வாசகங்களைக் கற்றுக்கொடுக்கிறார்.

காலையில் அப்துல்லாஹ் இதை நபியிடம் சொன்னார். உண்மையான கனவு என்று நபி ஏற்றுக்கொண்டார். ஆனால் கனவு கண்டவரையே கூப்பிடச் சொல்லவில்லை. பிலாலுக்குச் சொல்லிக்கொடுங்கள், அவர் குரல் உங்கள் குரலைவிடச் சிறந்தது என்றார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கனவு ஒரு மதீனாக்காரருடையது, குரல் ஒரு முன்னாள் அடிமையுடையது. தகுதி என்று பார்த்தது குரலை மட்டும்தான்.

பிலால் முதல்முறை கூப்பிட்டபோது, வீட்டில் இருந்த உமருக்கு அது கேட்டது. பின்னாளில் இரண்டாவது கலீஃபா ஆன அதே உமர். மேலாடை தரையில் இழுபட வேகவேகமாக வந்து, இதே கனவை நானும் கண்டேன் என்றார். அந்தக் குரலைக் கேட்டு எழுந்து ஓடிவந்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள் உமர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு மூன்று இடங்களில் வரும்.

சரி, பதில் சொல்வது எப்படி?

அடிப்படை முறை ரொம்ப எளிமையானது. மோதினார் ஒரு வரி சொல்லி நிறுத்தும்போது, அதே வரியைக் கேட்பவர் மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இறைவன் மிகப் பெரியவன் என்பது, அவனைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை என்பது, முகமது அவனது தூதர் என்பது, எல்லாமே அப்படித்தான்.

இரண்டு வரிகளுக்கு மட்டும் விதிவிலக்கு. தொழுகைக்கு வரச் சொல்லும் வரி, வெற்றிக்கு வரச் சொல்லும் வரி. கூப்பிடுபவரிடமே ‘வாங்க’ என்று திருப்பிச் சொன்னால் அர்த்தம் இருக்காது இல்லையா? அதனால் அந்த இடத்தில், இறைவனின் துணை இல்லாமல் எந்த ஆற்றலும் சக்தியும் இல்லை என்ற பொருள் தரும் வாசகத்தைச் சொல்ல வேண்டும். இதற்கு ‘ஹவ்கலா’ என்று பெயர். அழைப்பு கேட்டுவிட்டது, எழுந்து வர நீதான் பலம் தரணும் என்று கேட்பது போல. இப்படி வரிக்கு வரி பதில் சொல்லும் முறையை விளக்கும் நபிமொழி ‘ஸஹீஹ் முஸ்லிம்’ தொகுப்பில் இருக்கிறது. அதை அறிவிப்பவர் யார் தெரியுமா? மேலாடை இழுபட ஓடிவந்த அதே உமர்.

பாங்கு முடிந்ததும் நபி மீது ஸலவாத் சொல்லி, மறுமையில் அவருக்கு ‘வஸீலா’ என்ற உயர்ந்த இடம் கிடைக்க துஆ கேட்க வேண்டும். பலருக்கும் மனப்பாடமாக இருக்கும் பாங்கு துஆ இதுதான். அதன் பிறகு, தொழுகை தொடங்கப்போவதை அறிவிக்கும் இகாமத் சொல்லப்படும் வரை உள்ள இடைவெளி, சொந்த வேண்டுதல்களுக்கான நேரம். அந்த நேரத்தில் கேட்கும் துஆ நிராகரிக்கப்படாது என்று நபிமொழி இருக்கிறது. பலரும் தவறவிடுவது இந்தச் சில நிமிடங்களைத்தான்.

அதிகாலை பாங்கில் மட்டும் ஒரு வரி கூடுதலாக வரும். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற பொருள் கொண்ட வரி. அதற்கு, நீர் உண்மையைச் சொன்னீர் என்று பொருள்படும் வாசகத்தைப் பதிலாகச் சொல்லும்படி ஹனஃபி, ஷாஃபி சட்ட நூல்கள் சொல்கின்றன. அதே வரியையே திருப்பிச் சொன்னால் போதும் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

வழக்கமாக எழும் சில சந்தேகங்கள். பெண்களும் இதே மாதிரி பதில் சொல்லலாம், மாதவிடாய் நாட்களிலும் தடை இல்லை. கழிப்பறையில் இருந்தால் வாயால் சொல்லக் கூடாது. குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டுப் பதில் சொல்லலாம், ஏனென்றால் ஓதுவதை அப்புறமும் தொடர முடியும், பாங்கு முடிந்தால் முடிந்ததுதான். போன் ஆப்பில் வரும் பாங்கு பதிவு செய்யப்பட்ட குரல் என்பதால், அதற்கு இந்தப் பதில் முறை பொருந்தாது என்பதே பல அறிஞர்களின் கருத்து. நேரலையில் ஒருவர் நிஜமாகவே சொல்லிக்கொண்டிருந்தால் பதில் சொல்லலாம் என்கிறார்கள். ஆக, மீட்டிங்கில் ஆப்பை ஸ்வைப் செய்ததற்காக ரொம்ப வருத்தப்பட வேண்டாம். தொழுகை நேரம் மட்டும் ஸ்வைப் ஆகாது.

நாக்கு மட்டும் போதுமா?

வாயால் பதில் சொல்வது வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்பது பெரும்பான்மைக் கருத்து. கட்டாயம் என்று சொன்ன ஹனஃபி அறிஞர்களும் இருக்கிறார்கள். அதே ஹனஃபி மரபில் இன்னொரு சுவையான வாதமும் உண்டு. உண்மையில் கடமையான பதில் நாக்கால் இல்லை, காலால்தான் என்பது அது. அதாவது எழுந்து நடக்க வேண்டும்.

இதற்கு ஒரு சம்பவம் துணை நிற்கிறது. பார்வையற்ற ஒருவர் நபியிடம் வந்து, பள்ளிவாசலுக்குக் கைப்பிடித்துக் கூட்டிவர ஆள் இல்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ளலாமா என்று கேட்டார். முதலில் அனுமதி தந்த நபி, அவர் திரும்பிப் போகும்போது கூப்பிட்டு, பாங்கு உங்களுக்குக் கேட்கிறதா என்று கேட்டார். கேட்கிறது என்றார். அப்படியானால் பதில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் இப்னு உம்மி மக்தூம் என்று அபூதாவூத் தொகுப்பில் பெயர் வருகிறது. இவர் பிலாலுக்கு அடுத்தபடியாக மதீனாவின் இரண்டாவது மோதினார்! ரமலானில் பிலால் விடியலுக்கு முன்பே ஒரு பாங்கு சொல்வார், நோன்பு வைப்பவர்கள் எழுந்து சாப்பிட. விடிந்ததும் இப்னு உம்மி மக்தூம் சொல்வார், சாப்பாட்டை நிறுத்த. இரண்டு குரலையும் வைத்தே ஊருக்கு நேரம் தெரிந்தது.

கூரை மேல் ஒரு மனிதர்

பள்ளிவாசல் பக்கத்தில் நஜ்ஜார் குலத்துப் பெண் ஒருவரின் வீடு இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அதுதான் உயரம். பிலால் இருட்டிலேயே வந்து அந்தக் கூரையில் உட்கார்ந்து, கிழக்கு வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் தெரிந்ததும் சோம்பல் முறித்து எழுவார். பிறகு குறைஷிகள் நல்வழிக்கு வர வேண்டும் என்று இறைவனிடம் கேட்டுவிட்டுத்தான் பாங்கு சொல்வார். ஒரு நாள்கூட இந்த வேண்டுதலை அவர் விட்டதாகத் தெரியவில்லை என்று அந்தப் பெண்ணே சொன்னதாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

குறைஷிகள் யார்? அவர் நெஞ்சில் பாறையை வைத்த கூட்டம். இதைப் படித்துவிட்டு அவரை எல்லாவற்றையும் மறந்த மகானாக நினைத்துவிட வேண்டாம். கி.பி. 624-இல் நடந்த பத்ர் போரில் உமய்யா கைதியாகப் பிடிபட்டிருந்தார். அவரைக் கண்ட பிலால், இவர் தப்பினால் நான் தப்பவில்லை என்று அர்த்தப்படக் கத்தி ஆட்களைத் திரட்டினார். கைதியாகப் பிடித்துவைத்திருந்த தோழர் தடுத்தும் கேட்கவில்லை. உமய்யா அங்கேயே கொல்லப்பட்டார். கூரையில் வேண்டிக்கொண்டவரும் போர்க்களத்தில் கத்தியவரும் ஒரே மனிதர்தான்.

இன்னொரு நாள், கைபர் போரில் இருந்து திரும்பும் வழி. நடு இரவில் எல்லோரும் களைத்துப் படுத்தார்கள். அதிகாலைத் தொழுகைக்கு எழுப்பும் பொறுப்பு பிலாலுக்கு. அவர் ஒட்டகச் சுமையில் சாய்ந்து கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே தூங்கிப்போனார். எல்லோரையும் எழுப்பியது வெயில். முதலில் விழித்த நபி காரணம் கேட்டபோது, உங்களை ஆட்கொண்டதுதான் என்னையும் ஆட்கொண்டது என்ற மாதிரி பிலால் சொன்னார். திட்டு எதுவும் விழவில்லை. கொஞ்ச தூரம் நகர்ந்து போய், ஒளு செய்து, பிலால் அழைக்க, தவறிய தொழுகையை எல்லோரும் சேர்ந்து தொழுதார்கள். தூங்கிவிட்டால் அல்லது மறந்துவிட்டால், நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்ற சட்டம் இந்தச் சம்பவத்தோடு சேர்ந்தே வருகிறது. அலாரத்தை ஐந்து முறை ஸ்னூஸ் செய்பவர்களுக்கு இது லைசென்ஸ் இல்லை. ஆனால் முதல் மோதினாரே ஒரு நாள் தூங்கிவிட்டார் என்பதை நூல்கள் மறைக்காமல் எழுதிவைத்திருக்கின்றன.

ஒரு ஃபேக்ட் செக்கும் செய்துவிடலாம். பிலாலுக்கு ‘ஷீன்’ எழுத்து வராது, ‘ஸீன்’ என்றுதான் சொல்வார், அதனால் அவரை நிறுத்தியபோது விடியவே இல்லை என்று ஒரு கதை சொல்லப்படுவது உண்டு. கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் ஆதாரம் இல்லாதது என்று 14-ஆம் நூற்றாண்டு வரலாற்று அறிஞர் இப்னு கஸீரே ஒதுக்கிவிட்டார். பிலால் மெக்காவில் பிறந்து வளர்ந்தவர், குரலுக்காகத் தேர்வானவர்.

கஃபா மேல் ஏறிய நாள்

கி.பி. 630-இல் மெக்கா முஸ்லிம்கள் வசம் வந்தது. நபி பிலாலை கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லச் சொன்னார். எந்த ஊர் மணலில் அவரைக் கிடத்தியதோ, அதே ஊரின் உச்சியில் இப்போது அவர்.

எல்லோரும் மகிழவில்லை. குறைஷிப் பிரமுகர்கள் சிலர், இந்தக் காட்சியைப் பார்க்காமல் அப்பா செத்துப்போனதே நல்லது என்ற ரீதியில் பேசிக்கொண்டார்கள். நிறத்தையும் பிறப்பையும் வைத்து இழிவாகப் பேசியவர்களும் உண்டு. அழைப்பைவிட, அழைப்பவர் யார் என்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. பாங்குக்குக் கிடைத்த மோசமான பதில் என்றால் என்னைக் கேட்டால் அதுதான். நாமும் யோசித்துப் பார்க்கலாம். நம் தெரு மோதினாரின் குரல் தினமும் ஐந்து முறை கேட்கிறது. அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே வருஷம் இன்னொன்று நடந்தது. ஹுனைன் போருக்குப் பிறகு, வழியில் பாங்கு சத்தம் கேட்ட சில இளைஞர்கள் அதைக் கிண்டலாக மிமிக்ரி செய்தார்கள். நபி அவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். அதில் கணீரென்ற குரல் அபூமஹ்தூரா என்ற இளைஞருடையது. தண்டனை கொடுக்காமல், பக்கத்தில் உட்காரவைத்துப் பாங்கு முழுவதையும் சொல்லிக்கொடுத்து, கொஞ்சம் வெள்ளி இருந்த பையையும் கையில் கொடுத்தார். மெக்காவின் மோதினார் பொறுப்பு அவருக்குத்தான் போனது.

குரல் நின்ற பிறகு

கி.பி. 632-இல் நபி காலமானார். அதன் பிறகு பிலாலால் பாங்கு சொல்ல முடியவில்லை. முகமது இறைத்தூதர் என்று சாட்சி சொல்லும் வரி வந்ததும் குரல் உடைந்துவிடும், கேட்பவர்களும் அழுதுவிடுவார்கள். அபூபக்கர் அவரை மதீனாவிலேயே இருக்கச் சொன்னார். உங்களுக்காக என்னை வாங்கினீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இறைவனுக்காக என்றால் என் வழியில் விட்டுவிடுங்கள் என்று பிலால் கேட்டதாக புகாரி தொகுப்பில் இருக்கிறது. பிறகு அவர் சிரியா பக்கம் போய்விட்டார். எந்த வருஷம் என்பதில் நூல்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

உமர் கலீஃபா ஆனார். அபூபக்கர் நம் தலைவர், நம் தலைவரை விடுதலை செய்தவரும் அவரே என்று உமர் சொல்வது வழக்கம். அந்த இரண்டாவது ‘தலைவர்’ பிலால். பெரும் நிலப்பரப்பை ஆண்ட ஒருவர், ஒரு முன்னாள் அடிமையைப் பற்றிச் சொன்னது இது.

உமர் சிரியாவுக்கு வந்தபோது, ஜாபியா என்ற இடத்தில் பிலாலிடம் ஒரே ஒரு முறை பாங்கு சொல்லும்படி கேட்கப்பட்டது. அவர் சொன்னார். பல வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்ட பழைய தோழர்கள் தாங்க முடியாமல் அழுதார்கள். அன்று அதிகம் அழுதவர் உமர் என்று எழுதியிருக்கிறார்கள். பிலால் மதீனாவுக்குத் திரும்பி வந்து, நபியின் பேரன்கள் கேட்டதற்காகப் பாங்கு சொன்னார் என்றும் ஒரு பிரபலமான கதை உண்டு. அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

சினிமாவிலும் பிலால் வந்திருக்கிறார். 1976-இல் வெளிவந்த ‘தி மெசேஜ்’ படத்தில் அவர் முக்கியமான பாத்திரம். 2015-இல் துபாயில் அவரை நாயகனாக வைத்து ஓர் அனிமேஷன் படமே எடுத்தார்கள்.

கி.பி. 640-ஐ ஒட்டி, அறுபது வயது வாக்கில், டமாஸ்கஸில் பிலால் இறந்தார். கடைசி நேரத்தில் மனைவி துக்கம் தாங்காமல் புலம்ப, இது துக்கம் இல்லை, சந்தோஷம், நாளை நபியையும் தோழர்களையும் சந்திக்கப் போகிறேன் என்று அவர் தேற்றியதாகச் சொல்வார்கள். டமாஸ்கஸின் பாபுஸ் ஸகீர் அடக்கத்தலத்தில் அவருடைய கல்லறை இருப்பதாகப் பெரும்பாலான நூல்கள் குறிப்பிடுகின்றன. இன்றும் அங்கே ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.